இரு காலும் நம் கால்களே

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

இளைஞர்கள் விரும்பிக் கேட்கவும் வேண்டும், பெரியவர்கள் இடையில் எழுந்து போகாமலும் இருக்க வேண்டும். அப்படியொரு பொருளைப்பற்றிப் பேசும்படி எனக்குப் பணிக்கப்பட்டது. இரண்டு பக்கத்தாரையும் ஒருங்கே திருப்திப்படுத்துவது இலகுவான காரியமன்று. ஆகவே இரண்டு பக்கங்களைப்பற்றியே பேசிவிடுவதென்று தீர்மானித்தேன். வலக்காலாலும் இடக்காலாலும் ஒரே திறமையோடு பந்தை உதைக்கும் வீரர்களே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். சிறப்பாக, அவுஸ்திரேலிய நாட்டுக்கே உரிய உதைபந்தாட்டத்தில் அத்தகையோர் எப்படி உருவானார்கள், அவர்களிடமிருந்து கல்முனைக் கரையில் வாழும் நாம் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

அவுஸ்திரேலியா நமக்கு இன்று தூரதேசமன்று. 1983 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இலங்கைத் தமிழர் பலர் மெல்பேண், சிட்னி ஆகிய நகரங்களிற் குடியேறியிருக்கின்றனர். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாரிகாலத்தில் விளையாடும் உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. பந்து உருண்டையானதன்று, நீள்வட்டமானது. அதைக் கையாற் பிடிக்கலாம். கையிலிருந்து நழுவவிட்டு, நிலத்திற் படுமுன் உதைக்கலாம். ஒரு கையில் ஏந்தி மறுகை முட்டியால் அடித்துத் தோழனுக்குக் கொடுக்கலாம்; எறிதல் மட்டும் ஆகாது. பந்தோடு ஓடுபவன் பதினைந்து மீற்றருக்கு ஒருமுறை அதனை நிலத்திற் தட்டவோ தொடவோ வேண்டும். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்துச் செலுத்தினால் ஆறு புள்ளி; பக்கத்து இடைவெளியாற் போனால் ஒரு புள்ளி.

இந்த விளையாட்டு பிறந்த கதையும் சுவையானது. 1858 ஆம் ஆண்டில் தொம் வில்ஸ் என்ற துடுப்பாட்ட வீரர், மாரிகாலத்தில் தம் தோழர்களின் உடல் சோம்பிவிடாதிருக்க உதைபந்தாட்டக் கழகமொன்று வேண்டுமென்று பத்திரிகைக்கு எழுதினார். அடுத்த ஆண்டு, 1859 மே மாதத்தில், மெல்பேண் கழகத்தார் சிலர் கூடி விதிகளை எழுதினர். துடுப்பாட்ட மைதானத்திலேயே ஆடியதால் ஆடுகளமும் நீள்வட்டமாயிற்று. 1956 ஆம் ஆண்டு மெல்பேணில் ஒலிம்பிக் விழா நடந்தபொழுது, டிசெம்பர் 7 ஆந் தேதி இவ்வாட்டத்தை உலகத்தாருக்குக் காட்சியாக ஆடிக் காட்டினர். அதற்கு ஆறு நாள் முன்னர்தான் அதே நகரில், நமக்குத் தெரிந்த உதைபந்தாட்டத்தில், இந்திய அணி அவுஸ்திரேலிய அணியை 4 க்கு 2 என்ற கணக்கில் வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஒரே போட்டியில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே.

இனி, இரு கால் வல்லமை அந்த ஆட்டத்தில் ஏன் அத்துணை முக்கியம் என்று பார்ப்போம்.

நமது உதைபந்தாட்டத்திற் பந்து பெரும்பாலும் நிலத்திலே கிடக்கிறது. அங்கேயோ பந்து கையில் இருக்கிறது. எதிரிகளோ நாற்புறமும் இருக்கிறார்கள். பந்தைக் கையில் எடுத்தவனை எந்தத் திசையிலிருந்தும் வந்து பற்றிக்கொள்ளலாம். வலக்கால் மட்டும் பழகியவன் தன் உடலை வலப்பக்கமாகத் திருப்பி இடம் உண்டாக்கிய பின்னர்தான் உதைக்க முடியும். அந்தத் திரும்புதலுக்கு அரை விநாடி செல்லும். அந்த அரை விநாடியில் எதிரி அவன் இடுப்பைக் கட்டிக்கொள்வான். ஒருவன் ஒரே காலால் உதைப்பவன் என்று தெரிந்தால், எதிரிகள் அந்தப் பக்கத்தையே அடைத்து நின்று, அவனை மற்றப் பக்கம் ஓட்டிவிடுவார்கள். அவன் ஓடுவான், ஆனால் உதைக்கமாட்டான்.

இன்னுமொரு நுணுக்கம் உண்டு. கையிலிருந்து பந்தை விட்டு உதைக்கும்பொழுது, எந்தக் கால் உதைக்கிறதோ அந்தப் பக்கத்துக் கையே பந்தைக் கால்வரை இறக்கி வழிகாட்ட வேண்டும். இடக்காலால் உதைப்பவன் இடக்கையாற் பந்தை இறக்குகிறான். வலக்கையால் இறக்கி இடக்காலால் உதைத்தால் பந்து குறுக்கே விழும், உதை கோணும். ஆகவே அங்கே இரு கால் வல்லவன் என்றால் இரு கை வல்லவன் என்றும் பொருள். வலக்காலால் உதைக்கும்போது உடம்பைத் தாங்குவது இடக்கால்; இடக்காலால் உதைக்கும்போது தாங்குவது வலக்கால். நம்மிற் பலர் "இடக்காலில் எனக்குப் பலமில்லை" என்கிறோம். உண்மையிற் குறை பெரும்பாலும் உதைக்கும் காலிலன்று. ஊன்றி நிற்கப் பழகாத மற்றக் காலிலேயே இருக்கிறது. ஊன்றுகால் தள்ளாடினால் உதைகால் என்ன செய்யும்? இதை வாலிபர்கள் மனத்திற் குறித்துக்கொள்ளவேண்டும்.

இத்துறையில் முதல்வராகச் சொல்லத்தக்கவர் பொப் ஸ்கில்ரன். 1938 ஆம் ஆண்டு பிறந்தவர். உயரம் 171 சென்ரிமீற்றர். நமது ஊரிலே நடந்து போனால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இராட்சத உடல்கள் மோதும் அந்த ஆட்டத்தில் இவர் சவுத் மெல்பேண் கழகத்துக்காக 1956 ஆம் ஆண்டு தொடங்கி 237 போட்டிகள் ஆடினார். சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்கு வழங்கும் பிரவுண்லோ பதக்கத்தை 1959, 1963, 1968 என மும்முறை பெற்றார். அப்பதக்கத்தை மும்முறை பெற்றவர் நால்வரே.

அவருடைய ஆற்றலின் மூலம் என்ன? அவர் தந்தையார் இட்ட பயிற்சி. சிறுவனாக இருந்தபொழுது சுவரை நோக்கிப் பந்தை ஒரு காலால் உதைப்பார். திரும்பி வருவதைப் பிடித்து மறுகாலால் உதைப்பார். வலம், இடம், வலம், இடம். இப்படியே நாள்தோறும். பிற்காலத்தில் அவருடைய இயற்கையான கால் எது என்பதில் பார்த்தவர்களுக்கே ஐயம் வந்துவிட்டது. செலவு என்ன? ஒரு பந்து, ஒரு சுவர், கூட நின்று கவனிக்க ஒரு தகப்பன். மூன்றும் நமது ஊரிற் கிடையாத பொருள்களா?

ஸ்கில்ரனைப்பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் கழகம் அக்காலத்தில் வெல்லும் கழகமன்று. அவ்வளவு பெரிய வீரர் தம் வாழ்நாளில் இறுதிக் கட்டப் போட்டி ஆடியது ஒரே ஒரு முறை, 1970 இல், அதிலும் தோல்வி. வெற்றி வராவிட்டாலும் இரு காலையும் பழக்குவதை அவர் விட்டுவிடவில்லை. அக்கழகம் 1982 இற் சிட்னி நகருக்குப் பெயர்ந்தது. இன்றும் ஆண்டுதோறும் அதன் சிறந்த வீரருக்கு அளிக்கும் பதக்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அண்மைக் காலத்தவர் ஒருவரையும் சொல்கிறேன். ஹோதோர்ண் கழகத்துச் சாம் மிற்செல் வேகமான ஓட்டக்காரரல்லர். ஆனால் கும்பலின் நடுவிற் பந்தை எடுத்துவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவார், எந்தக் காலால் உதைப்பார் என்று எதிரிக்குத் தெரியாது. 2008 ஆம் ஆண்டு அணித்தலைவராக நின்று வாகை சூடினார். 2013, 2014, 2015 ஆகிய ஆண்டுகளிலும் வென்ற அணியில் இருந்தார். 2012 ஆம் ஆண்டுக்குரிய பிரவுண்லோ பதக்கம் பின்னர் அவருக்கும் இன்னொருவருக்குமாக வழங்கப்பட்டது. காலில் வேகம் குறைந்தவனுக்கு இரண்டு கால்களும் ஒன்றுபோல் உதவினால், வேகமுள்ளவனை முந்திவிடலாம் என்பதற்கு அவர் சாட்சி. 2017 முதல் பெண்களுக்கும் அங்கே தேசியப் போட்டி நடைபெறுகிறது. ஆகவே சகோதரிமாரும் இது ஆண்பிள்ளைகளின் சங்கதி என்று இருந்துவிடவேண்டாம்.

"அந்நிய நாட்டுக் கதை நமக்கெதற்கு?" என்று பெரியவர் யாரும் கேட்கக்கூடும். நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. காலில் அன்று, கையில். 1996 உலகக்கிண்ணத் துடுப்பாட்டத்திற் கென்யாவுக்கு எதிராகக் கண்டியில் நடந்த போட்டியில், ஹஷான் திலகரத்ன ஒரே ஓவரில் இரு கையாலும் பந்து வீசினார். அது ஒரு வேடிக்கைபோல முடிந்தது. ஆனால் காலியைச் சேர்ந்த கமிந்து மெண்டிஸ் அதைக் கலையாகவே ஆக்கினார். 2016 ஆம் ஆண்டு பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணத்தில் இரு கையாலும் வீசி உலகத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்தார். 2018 ஒக்ரோபர் 27 இற் கொழும்பில் இங்கிலாந்துக்கு எதிராக முதன்முதல் ஆடியபொழுது, வலக்கைத் துடுப்பாளருக்கு இடக்கையாலும் இடக்கைத் துடுப்பாளருக்கு வலக்கையாலும் வீசினார். பந்து எப்பொழுதும் துடுப்பாளரை விட்டு விலகிச் சுழலவேண்டும் என்பதே நோக்கம். கையை மாற்றும்பொழுது நடுவருக்கு அறிவிக்கவேண்டும். அறிவியாவிட்டால் முறையற்ற பந்து. உதைபந்தாட்டத்தில் அந்தக் கட்டுப்பாடுமில்லை. இந்தக் காலால் உதைக்கப்போகிறேன் என்று எவருக்கும் நாம் அறிவிக்கவேண்டியதில்லை!

இன்னும் அருகே வருவோம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் விழாவில் வனவாசமும் அருச்சுனன் தவநிலையும் காணாதவர் இச்சபையில் இரார். அந்த அருச்சுனனுக்குப் பத்துப் பெயர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று சவ்வியசாசி. இடக்கையாலும் வில்லை வளைத்து அம்பெய்ய வல்லவன் என்பது அதன் பொருள். பெரியோர்களே, நாம் ஆண்டுதோறும் கைகூப்பும் வீரனின் பெருமைகளுள் ஒன்று இடக்கையின் திறமை என்பதை மறந்துவிடக்கூடாது. நம் அயலிலே முஸ்லிம் சகோதரர்கள் ஆடும் பொல்லடியைப் பாருங்கள். நமது கோலாட்டத்தைப் பாருங்கள். இரு கையிலும் கோல் ஏந்தி, தாளம் தவறாமல் இரு பக்கமும் அடிக்கவேண்டும். ஒரு கை சோம்பினால் முழு வட்டமும் குலையும்.

ஆனால் மறுபக்கத்து நியாயத்தையும் மறைக்கக்கூடாது. ஹங்கேரியின் புஸ்காஸும் ஆர்ஜன்ரீனாவின் மரடோனாவும் இடக்காலை நம்பியே உலகை ஆண்டனர். "ஒரு காலே போதுமென்று அவர்கள் காட்டவில்லையா?" என்று கேட்கலாம். காட்டினார்கள். அது மேதைகளின் வழி. நூற்றாண்டில் ஓரிருவருக்குக் கிடைத்த வரத்தை நாம் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது. சாதாரண ஆற்றலுள்ள ஒருவன் தன்னை உயர்த்திக்கொள்ளும் வழியைப்பற்றியே நான் பேசுகிறேன்.

ஜேர்மனியின் அன்ட்ரியாஸ் பிரெமேயைப் பாருங்கள். 1986 உலகக்கிண்ணத்தில் மெக்சிக்கோவுக்கு எதிரான தண்டனை உதையை இடக்காலால் அடித்தார். 1990 இறுதிப்போட்டியில், 85 ஆவது நிமிடத்திற் கிடைத்த தண்டனை உதையை வலக்காலால் அடித்து, உலகக்கிண்ணத்தைத் தம் நாட்டுக்குத் தேடிக்கொடுத்தார். அந்த வேளையில் எந்தக் காலை நம்புவது என்று தெரிவுசெய்யும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. அது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஆராய்ச்சியாளர் கண்ட ஓர் உண்மை இதைவிட வியப்பானது. 1998 இற் பிரான்சில் நடந்த உலகக்கிண்ணப் போட்டிகளை விஞ்ஞானிகள் சிலர் கூர்ந்து ஆராய்ந்தனர். வீரர்களில் நூற்றுக்கு 79 பேர் அளவில் வலக்காலர். அதாவது தெருவிற் போகும் பொதுமக்களைப் போலவேதான். அவர்களும் தமக்குப் பழகிய காலையே பெரும்பாலும் பயன்படுத்தினர். ஆனால் மற்றக் காலைப் பயன்படுத்திய அந்தச் சில வேளைகளில், அதன் வெற்றி பழகிய காலின் வெற்றிக்குக் குறைந்திருக்கவில்லை! இதன் கருத்தென்ன? அவ்வீரர்களின் மற்றக் கால் அவர்கள் நினைத்த அளவுக்குப் பலவீனமாக இருக்கவில்லை. அதை அழைப்பதற்கு அவர்கள் மனம் கூசியது, அவ்வளவுதான். நம்மிடமும் நாம் கூப்பிடாமல் வைத்திருக்கும் ஆற்றல்கள் எத்தனையோ!

இப்பொழுது காரியத்துக்கு வருகிறேன். வாலிப நண்பர்களே, மாலையிற் கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்தடிக்கும் பாக்கியம் உங்களுக்கு இருக்கிறது. 1911 இற் கல்கத்தாவின் மோகன் பகான் அணி, ஒருவர் நீங்கலாக எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலப் படையணியை வென்று கேடயம் பெற்றது. ஆகவே சப்பாத்து இல்லையென்பது சாட்டாகாது. முதலில் வலக்காலை ஊன்றி, இடக்காலைத் தூக்கி, தள்ளாடாமல் நிற்கப் பழகுங்கள். பிறகு சுவருக்கு ஐந்து அடி எட்ட நின்று, இடப்பாதத்தின் உட்புறத்தால் மெதுவாகத் தட்டுங்கள். வேகம் வேண்டாம், நேரே போனாற் போதும். நேர்மை வந்தபின் தூரம் கூட்டுங்கள். வலக்காலுக்கு எத்தனை உதையோ இடக்காலுக்கும் அத்தனை என்று எண்ணிக் கணக்கு வையுங்கள். முதல் மாதம் தோழர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எதிரணிக்காரன் உங்கள் வலப்பக்கத்தை அடைத்து நிற்கும் நாளில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. இதுவே இன்றைய பேச்சில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது. மக்களில் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் இடக்கையராகப் பிறக்கின்றனர். நமது வீடுகளிலும் பள்ளிகளிலும் இடக்கையால் எழுதும் பிள்ளையின் கையில் அடித்து, பென்சிலை வலக்கைக்கு மாற்றும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. "வலக்கையையும் பழகட்டும், ஸ்கில்ரனைப்போல் வரட்டும்" என்று அதற்கு நியாயம் சொல்லவேண்டாம். ஸ்கில்ரனின் தந்தை மகனுடைய நல்ல காலைக் கட்டிவைக்கவில்லை, அதற்கு அடிபோடவில்லை, அது வெட்கப்படவேண்டிய கால் என்று சொல்லவுமில்லை. இருந்த ஒன்றை அப்படியே விட்டு, இல்லாத ஒன்றைக் கூட்டினார். நாமோ இருப்பதைப் பறித்து, அதனிடத்தில் அச்சத்தை வைக்கிறோம். பெரியவரிடம் ஒரு பொருளை வலக்கையாற் கொடுப்பதும் வாங்குவதும், வலக்கையாற் சோறுண்பதும் நமது மரியாதை. அயலிலுள்ள முஸ்லிம் வீடுகளிலும் அதுவே மரியாதை. அதைப் பிள்ளைகள் பழகட்டும். எழுதுகோலும் பந்தும் துடுப்பும் வேறு. அந்தப் பிள்ளை இயல்பான கையால் எழுதட்டும். பின்னர் மறுகையையும் விரும்பினாற் பழகட்டும். ஐந்தில் வளையவேண்டியது அன்பினாலேயன்றி அடியினாலன்று.

இறுதியாக ஒன்று. நமது காரைதீவு மண்ணில் 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகளை நினைத்துப் பார்க்கிறேன். அவர் விஞ்ஞானமும் கற்றார், தமிழும் கற்றார். 1947 இல் வெளிவந்த யாழ் நூலிற் பழந்தமிழ் இசையைக் கணிதமும் பௌதிகமும் கொண்டு ஆராய்ந்தார். ஒன்றை ஊன்றி மற்றதை வீசியதனாலேயே அந்த நூல் பிறந்தது. ஒரு கல்வி மட்டும் இருந்திருந்தால் அது பிறந்திராது.

அதுபோலவே இந்தக் கரையும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழூரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையடுத்து ஒன்றாகவே கிடக்கின்றன. பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று நம் மூதாதையர் சொல்லிவைத்தார்கள். இடைக்காலத்தில் இரு பக்கமும் இரத்தமும் கண்ணீரும் சிந்தியதை இச்சபையில் எவருக்கும் நான் நினைவூட்டவேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26 இற் கடல் ஏறிவந்தபொழுது அது எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் பழகிய சமூகமும் ஒரு காலை மட்டும் பழகிய ஆட்டக்காரனைப் போன்றதுதான். நெருக்கடி வரும்பொழுது திரும்ப இடமின்றி நிற்கும்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவுக்குள் ஓர் உதைபந்தாட்டப் போட்டி நடத்துவோம். ஊருக்கு ஓர் அணியென்று பிரிக்காமல், தமிழ் வாலிபரும் முஸ்லிம் வாலிபரும் ஒவ்வோர் அணியிலும் கலந்து நிற்கட்டும். முதற்பாதி வழக்கம்போல் நடக்கட்டும். இரண்டாம் பாதியில் ஒரு விதி: தனக்குப் பழகாத காலால் அடித்த கோல் மட்டுமே கணக்கில் வரும். அன்று எல்லோரும் தடுக்கி விழுவோம், எல்லோரும் சிரிப்போம், கொஞ்சம் கற்றும் கொள்வோம். அப்போட்டிக்கு வேண்டிய பந்தை வாங்கித் தருவது என் பொறுப்பு.